கியர்பாக்ஸை இறக்கும் முன் கிளட்ச் லைனில் ஏர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளட்ச் பெடல் தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொள்கிறது, கியர் விழ மாட்டேன் என்கிறது என்று ஒரு கார் ஷெட்டுக்கு வந்தால், பல இடங்களில் முதலில் கேட்கிற வார்த்தை, ‘பிளேட் போயிருக்கும், கியர்பாக்ஸ் இறக்கணும்’ என்பதுதான். அரை மணி நேரத்தில், கால் லிட்டர் பிரேக் ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரு முழு நாள் வேலையாகி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று பில் நீள்கிறது. இதைவிட வேதனை, அத்தனையும் மாற்றிய பிறகும் பெடல் அதே மாதிரி படுத்துக் கிடப்பது. குறை, பெடலின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஆயில் பைப்பில், அதாவது லைனில், புகுந்த காற்றில் இருக்கும்போது பிளேட்டை மாற்றி என்ன பயன்? கார் வைத்திருப்பவர்களுக்கும், தொழில் கற்றுக்கொள்ளும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரில் இருப்பது கேபிள் கிளட்சா, ஹைட்ராலிக் கிளட்சா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ போன்றவை கேபிள். அவற்றுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. ஹைட்ராலிக் வகையில் பெடலுக்கு முன்னால் இன்ஜின் பக்கச் சுவரில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். அங்கிருந்து ஒரு பைப் கியர்பாக்ஸுக்குப் போகும். அதன் முனையில் ஸ்லேவ் சிலிண்டர். இன்னோவா போன்ற வண்டிகளில் ஸ்லேவ் வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்து ஒரு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் அது கியர்பாக்ஸின் மணிக்கூட்டுக்கு (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு, பெல் ஹவுசிங்) உள்ளே, ஷாஃப்டைச் சுற்றி வளையமாக, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். பல கார்களில் கிளட்சுக்கென்று தனி டப்பா கிடையாது; பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்தே ஒரு ரப்பர் டியூப் கிளட்ச் மாஸ்டருக்கு வரும்.

காற்று எவ்வளவு இருந்தால் கெடுதல் என்று பலருக்கும் தெரிவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாஸ்டரின் விட்டம் 15.87 மி.மீ., அதன் பிஸ்டன் நகர்வது 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு அது தள்ளும் ஆயில் 6 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஸ்லேவின் விட்டம் 20.64 மி.மீ. என்றால், அந்த ஆயில் ஸ்லேவ் பிஸ்டனை 17.7 மி.மீ. தள்ளும். இப்போது லைனில் ஒரே ஒரு மில்லி காற்று இருக்கட்டும். டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. பெடலை மிதிக்கும்போது லைனில் 20 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 20 மடங்கு) ஏறினால் அந்தக் காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது மாஸ்டர் தள்ளிய ஆயிலில் கிட்டத்தட்ட ஒரு மில்லி, காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஸ்லேவில் 2.8 மி.மீ. பயணம் போய்விட்டது. கிளட்ச் முழுசாக விலக 15 மி.மீ. வேண்டும் என்றால், மிஞ்சியிருப்பது 14.9. பிளேட், இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலை உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு மில்லி என்றால் கியரே விழாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் குமிழி இவ்வளவு வேலை செய்யும்.

அறிகுறிகளும் இதிலிருந்தே வருகின்றன. இன்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழும். ஸ்டார்ட் செய்தால் விழாது. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை என்பதால் ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்ற சத்தம்தான் முதலில் கேட்கும். பெடலை நாலைந்து தடவை வேகமாக அடித்தால் கொஞ்சம் மேலே வந்து, கியர் விழும். சிறிது நேரத்தில் பழைய கதை. இப்படிப் பம்ப் அடித்தால் மேலே வருகிறது என்றால் சந்தேகம் காற்றின் மீதும் மாஸ்டரின் மீதும்தான் போக வேண்டும், பிளேட்டின் மீது அல்ல. இன்னொன்று: பெடலை மிதித்துக் கியரில் வைத்து நிற்கும்போது, காலை அசைக்காமலே பெடல் மெதுவாக இறங்கி வண்டி ஊரத் தொடங்கினால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது. அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றினாலும்) தீராது.

கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய ஒரே ஒரு சோதனை உண்டு. அதைச் செய்யாமல் யாராவது ‘இறக்கணும்’ என்று சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டியில் ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, மற்றவர் ஸ்லேவின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவு வந்தும் கிளட்ச் விலகவில்லை என்றால்தான் குறை உள்ளே: ஃபோர்க், பேரிங், பிரஷர் பிளேட், பிளேட். அளவு குறைந்தால் குறை லைனில். இரண்டு நிமிட வேலை இது.

லைனில் காற்று தானாக உண்டாவதில்லை. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஏர் எடுத்து அனுப்பினால் பத்து நாளில் வண்டி திரும்பி வரும். முதலில் டிரைவர் காலடி. தரையில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிவிட்டு, பெடலுக்கு மேலே மாஸ்டருக்குள் போகும் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஈரம் இருந்தால் மாஸ்டரின் பின்பக்க சீல் போய்விட்டது. அடுத்து ஸ்லேவ். அதன் வாயில் இருக்கும் தூசி ரப்பரை நுனியில் லேசாக உருட்டி விலக்கினால், உள்ளே தேங்கியிருக்கும் கறுத்த ஆயில் ஒரு சொட்டு உருண்டு விரலில் விழும். வெளியே காய்ந்து தூசி படிந்து கிடப்பதால் ஒழுகல் இல்லை என்று நினைக்கும் ஸ்லேவ் பலதும் இந்த ஒரு சொட்டில் பிடிபடும். பைப் இணைப்புகள், ரப்பர் ஹோஸ் இரண்டையும் பாருங்கள். பழைய ஹோஸ் மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்பும். காற்று இருப்பதுபோலவே பெடல் மெத்தென்று இருக்கும். உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்லேவ் உள்ளே இருக்கும் வகையில், மணிக்கூட்டின் அடியில் ஈரமா என்று பார்க்க வேண்டும். கியர் ஆயிலா, இன்ஜின் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீரோடு கலந்து கழுவிக்கொண்டு போவது பிரேக் ஆயில்.

புது பிளேட் போட்ட சில நாட்களில் ஸ்லேவ் ஒழுகத் தொடங்குவதை நிறையப் பேர் ராசி என்று நினைக்கிறார்கள். காரணம் எளிது. பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்படும். வாய்ப்பக்கத்து சிலிண்டர் சுவர் பல வருடம் வேலையில்லாமல் துருவும் அழுக்கும் பிடித்துக் கிடக்கும். தடிமனான புது பிளேட் வந்ததும் பிஸ்டன் வெளிப்பக்கமாக நகர்ந்து அந்தச் சொரசொரப்பின் மேல் ஓடத் தொடங்கும். ரப்பர் கப் கிழியும். ஆகவே பிளேட் மாற்றும்போதே ஸ்லேவைக் கழற்றிச் சுவரைப் பார்த்துவிடுவது நல்லது. உள்வகை ஸ்லேவ் என்றால் பார்ப்பதே வேண்டாம், செட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அதற்காக மட்டும் இன்னொரு முறை கியர்பாக்ஸ் இறக்குவது கொடுமை.

காலையில் நன்றாக இருந்து, மதிய வெயிலில் டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது பெடல் இறங்கி, வண்டி ஆறியதும் சரியாகிறதா? இது பெரும்பாலும் காற்று அல்ல, நீராவி. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 (DOT 4) என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் கிளட்ச் லைன் போகும் வண்டிகளில் இது விளையாடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி கிளட்ச் மிதித்து ஏறுகிறவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் தேதி பார்க்கவே வேண்டாம்.

ஆயில் வாங்கும்போது டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளில் செய்யும் வகை. டாட் 5 என்பது சிலிகான், 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடக் கூடாது, இரண்டும் சேராது. பவர் ஸ்டியரிங் ஆயில், இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுப் போனாலும் ரப்பர் கப்கள் ஊதிப் பெருத்துவிடும். பிறகு லைனில் உள்ள எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான். ஏர் எடுக்க 250 மில்லி போதும், முழுக்க மாற்ற அரை லிட்டர். மூடி திறந்து ஷெல்ஃபில் மாதக்கணக்கில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றுவது, தண்ணீரை ஊற்றுவதற்குச் சமம்.

இனி வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். அடியில் நுழைய வேண்டுமானால் ஸ்டாண்ட் போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் தலையை உள்ளே விடக் கூடாது. டிரைவர் காலடி மேட்டை வெளியே எடுங்கள், பெடல் முழுப் பயணமும் போக வேண்டும். டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, மேல் கோடுவரை நிரப்புங்கள். ஸ்லேவில், காற்றை வெளியேற்றத் திறந்து மூடும் சிறு திருகான நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் போடுங்கள்; வண்டிக்கு வண்டி அது 8, 10 அல்லது 11 மி.மீ. ஆக இருக்கும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், பிறகு நிப்பிளே உடையும். ஸ்பேனரை மாட்டியபின் நிப்பிளில் இறுக்கமாக நிற்கிற மாதிரி ஒரு டிரான்ஸ்பரன்ட் டியூபைச் செருகி, மறுமுனையை, அடியில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கும்படி விடுங்கள்.

ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். பெடலில் இருப்பவர் மெதுவாகத் தரைவரை மிதித்து, ‘பிடிச்சிருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். நிப்பிளில் இருப்பவர் கால் திருகு முதல் அரைத் திருகுவரை திறப்பார். ஆயிலும் குமிழியும் பாய்ந்து வரும். ஓட்டம் நின்றதும் நிப்பிளை மூடிவிட்டு ‘விடு’ என்று சொன்ன பிறகுதான் பெடல் மேலே வர வேண்டும். இந்த வரிசை ஒரு முறை மாறினாலும், வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பும். வேலை முடியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தவறு இங்கேதான்.

காற்று இருக்கும்போது பெடல் தானாக மேலே வராது. குனிந்து கையால் தூக்கி முழுதும் மேலே கொண்டுவந்து, மூன்று நான்கு விநாடி விடுங்கள். மாஸ்டர் பிஸ்டன் முழுதும் பின்னால் வந்தால்தான் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சிறு துளை திறக்கும். பெடல் பாதியில் நின்றால் துளை மூடியே இருக்கும்; நீங்கள் பழைய ஆயிலையே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். பெடல் கம்பியை யாராவது அதிகமாக நீட்டி அட்ஜஸ்ட் செய்திருந்தாலும் இதேதான் நடக்கும். அதுமட்டுமல்ல, சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் லைனில் அழுத்தமாகத் தங்கி, கிளட்ச் ஸ்லிப் ஆகும். கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ. அளவு இடைவெளியாவது கையில் உணர வேண்டும்.

டியூபைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் சில தடவை பால் நுரை மாதிரி வரும். பிறகு மிளகு அளவுக் குமிழிகள் வரிசையாக. அதன்பின் ஆயில் மட்டும் வந்து, ‘முடிந்தது’ என்று நினைக்கும்போது கடுகு அளவில் ஒன்று இரண்டு தனியாக மிதந்து வரும். அந்தக் கடுகு வருவது நின்ற பிறகும் நான்கைந்து தடவை தொடருங்கள். மொத்தம் 15, 20 மிதி ஆகலாம். ஐந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்ப வேண்டும். கிளட்சுக்குப் போகும் துளை டப்பாவில் உயரமான இடத்தில் இருப்பதால், பாதி ஆயில் இருக்கிறதே என்று நினைக்கும்போதே கிளட்ச் காற்றைக் குடிக்கத் தொடங்கியிருக்கும். அந்தத் துளையை மேலே வைத்திருப்பது ஒரு பாதுகாப்பு: கிளட்ச் முழுக்க ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும். டப்பாவை அடிவரை காலியாக விட்டால் பிரேக் லைனிலும் காற்று புகும், ஏ.பி.எஸ். வண்டி என்றால் அது வேறு பெரிய வேலை.

பிரேக்கில் செய்வதுபோல் படபடவென்று பம்ப் அடித்துவிட்டுத் திறக்கும் பழக்கம் கிளட்சுக்கு வேண்டாம். வேகமாக அடித்தால் பெரிய குமிழி நூறு சின்னக் குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், குமிழிகள் சேர்ந்து மேலே வரட்டும். பாட்டிலில் வந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றவே கூடாது.

எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், காற்று எங்கோ உயரமான மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்லேவ் மாட்டியிருக்கும் கோணத்தில் நிப்பிள் கீழேயும் சிலிண்டரின் ஒரு மூலை மேலேயும் இருந்தால், ஆயில் வெளியேறும், காற்று அசையாது. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, பைப் மாட்டியபடியே, நிப்பிள் உச்சியில் வரும்படி கையில் பிடியுங்கள். தள்ளுகம்பியை மெதுவாக உள்ளே அழுத்தினால் ஆயிலும் காற்றும் பைப் வழியாக மேலே டப்பாவுக்கே போகும். டப்பாவில் குமிழி வெடிப்பதை மேலிருந்து ஒருவர் பார்க்கலாம். மெதுவாக விட்டு, மறுபடி அழுத்தி, பத்துப் பதினைந்து தடவை. இந்த ஒரு முறையில் தீர்ந்த வண்டிகள் நிறைய. ஸ்லேவ் கழன்று இருக்கும்போது பெடலை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது; பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வந்துவிடும்.

தனி ஆளாக இருப்பவர்கள், பெடலை மேலேயே விட்டு, நிப்பிளைத் திறந்து, ஆயில் தானாகச் சொட்ட 15 நிமிடம் விடலாம். மெதுவான வழி, ஆனால் நுரை வராது. புது மாஸ்டர் மாட்டிய வண்டிக்குக் கீழிருந்து மேலே தள்ளுவதே சிறந்தது: பெரிய சிரிஞ்சில் புது ஆயில் ஏற்றி, டியூபில் காற்று இல்லாமல் நிப்பிளில் மாட்டி, மெதுவாக அழுத்துவது. காற்றின் இயல்பே மேலே போவதுதானே. டப்பாவில் முன்கூட்டியே ஆயிலைக் குறைத்து வையுங்கள், வழிந்தால் பெயின்ட் போகும். பழைய அழுக்கு லைனில் இப்படிச் செய்யக் கூடாது. கீழே படிந்த கசடு மாஸ்டருக்குள் ஏறிவிடும். வாக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வரும். லைன் சுத்தமாக இருந்தாலும் குமிழி நிற்காது.

உள்வகை ஸ்லேவில் நிப்பிள் மணிக்கூட்டுக்கு வெளியே இருக்கும். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். கையால் திருகி, ஸ்பேனரில் லேசாக ஒரு அழுத்தம், அவ்வளவுதான். பைப் இணைப்பில் கம்பி கிளிப் இருக்கும் வகையில், கிளிப்பைத் தளர்த்திப் பைப்பை ஒரு படி மட்டும் வெளியே இழுத்தால் ஏர் போகும்; வேகத்தில் முழுதும் உருவிவிடாதீர்கள்.

வாஷர் கிட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், சீல் தொகுப்பு) மாற்றும்போது சிலிண்டரையும் ரப்பரையும் பெட்ரோலிலும் டீசலிலும் கழுவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மனம் பொறுக்கவில்லை. அந்த ரப்பர் கிளைக்கால் ஆயிலுக்கென்று செய்யப்பட்டது. பெட்ரோல் பட்டால் ஊதிப்போய், மாட்டும்போதே மடிந்துகொள்ளும். புது பிரேக் ஆயிலில் நனைத்து, விரலால் தடவி மாட்டுங்கள். சிலிண்டர் சுவரில் நகம் சிக்குகிற கோடு இருந்தால் கிட் போடுவது வீண், சிலிண்டரையே மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்து நிப்பிளின் ரப்பர் மூடியைப் போட்ட பிறகு, சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து மூன்று விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராகப் பென்சிலில் ஒரு கோடு போட்டு, அன்றைய தேதியையும் எழுதி வையுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் அந்தக் கோட்டைப் பாருங்கள், பெடலை ஒரே ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். கோடு நேற்றைய இடத்தில் இருந்து, முதல் மிதியிலேயே பெடல் கனமாக இருந்தால் வண்டியை எடுக்கலாம். கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கியிருந்தால், மேட்டைத் தூக்கி, ஸ்லேவ் ரப்பரை விலக்கி, தேடலை மறுபடி தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
கோவை.